பிளாக்போல் வார்ப்ளரும் மூவிரல் ஸ்லாத்தும்: எதை வைத்து ஒப்பிடுவது?

மரக்கிளை:
சிறுவர்களுக்கான சுவர்ப்படம் ஒன்றுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பாடும் பறவையையும் ஒரு ஸ்லாத்தையும் (மரத்தில் தலைகீழாகத் தொங்கி வாழும், மிக மெதுவான பாலூட்டி) பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பறவைக்கு பிளாக்போல் வார்ப்ளரை எடுத்திருக்கிறேன். கனடா, அலாஸ்கா ஊசியிலைக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இலையுதிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தென் அமெரிக்கா போய்ச் சேரும் குருவி. எடை 12 கிராம்தான். ஸ்லாத்தில் பழுப்புக் கழுத்து மூவிரல் ஸ்லாத். ஹோண்டுராஸில் தொடங்கி பிரேசில் வரைக்கும் இருக்கிறது.

இந்த ஜோடியைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. குளிர்கால மாதங்களில் இந்தக் குருவி தங்குவது கொலம்பியா, வெனிசுவேலா, பிரேசிலின் அமேசான் காடுகளில். ஸ்லாத்தின் வீடும் அங்கேதான். இரண்டும் ஒரே மரத்தில் இருக்க நேரலாம்.

இதுவரை எழுதியவை: எடை 12 கிராம் / 4 கிலோ. வேகம் மணிக்கு 40 கி.மீ. / நாளுக்கு 40 மீட்டர். தூக்கம்: பறவைக்கு இன்னும் எழுதவில்லை / 20 மணி நேரம். குரல்: பாடகர் / ஊமை. தலைப்பு "சுறுசுறுப்பும் சோம்பலும்". எதைச் சேர்க்கலாம், எதை எடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

தூரதேசி:
அருமையான ஜோடி. ஆனால் பறவை பக்கத்தில் முக்கியமானதையே விட்டுவிட்டீர்கள். அந்தக் கடல் பயணத்தில் இறங்கவே இறங்காது. கனடாவின் நோவா ஸ்கோஷியா, அமெரிக்காவின் வடகிழக்குக் கரை, இங்கிருந்தெல்லாம் கிளம்பினால் கரீபியன் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ, ஹிஸ்பானியோலா அல்லது சிறு ஆன்டிலிஸ் தீவுகளில்தான் கால் படும். இரண்டு மூன்று நாள் இரவும் பகலும் சிறகடிப்பு. தண்ணி கிடையாது, சாப்பாடு கிடையாது, உட்காரக் கிளை கிடையாது. ஸ்லாத் பாவம், இதோடு போட்டிக்கு நிறுத்தினால் என்ன ஆகும்!

சந்தேகப்பேர்வழி:
இறங்கவில்லை என்று எப்படித் தெரியும்? கூடவே யாராவது பறந்து பார்த்தார்களா? கப்பலில் உட்கார்ந்து போகலாமே.

தூரதேசி:
இதே சந்தேகத்தைப் பறவையியலாளர்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சண்டை போட்டுத் தீர்த்திருக்கிறார்கள் அண்ணே. கடல் வழியாகத்தான் போகிறது என்று 1960களில் ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை, கரையோரமாகவே தெற்கே போகிறது என்றார்கள் எதிர்த்தரப்பார். ராடாரில் பறவைக் கூட்டம் தெரியும், அது எந்தக் குருவி என்று தெரியாது. அதனால் வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

2015இல் முடிந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும் நோவா ஸ்கோஷியாவிலும் குருவிகளின் முதுகில் அரை கிராம் எடையுள்ள சின்னக் கருவியைக் கட்டி விட்டிருந்தார்கள். அது இடத்தைச் சொல்லாது, வெளிச்சத்தை மட்டும் பதியும். சூரியன் எத்தனை மணிக்கு உதித்தது, எத்தனை மணிக்கு மறைந்தது என்பதை வைத்து அன்றைக்குப் பறவை எங்கே இருந்தது என்று கணக்கிட வேண்டும். கருவியிலிருந்து செய்தி எதுவும் வராது. அடுத்த வருஷம் அதே குருவியைத் திரும்பப் பிடித்தால்தான் உண்டு. ஐந்து குருவிகள் கருவியோடு கிடைத்தன. ஐந்துமே கடல் மேலே பறந்திருந்தன, ஒரே மூச்சில் 2,270 முதல் 2,770 கி.மீ. வரை.

திரும்பி வரும்போது மட்டும் அந்த வீரம் கிடையாது. வசந்தத்தில் கரீபியன் தீவுகள், ஃபுளோரிடா என்று நிலத்தை ஒட்டி வந்துவிடும்.

இலைதின்னி:
மரக்கிளை, உங்கள் படத்தில் ஸ்லாத் பக்கம் எடையைத் தவிர எல்லாமே பிரச்சினை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் அந்த 20 மணி நேரத் தூக்கம். கூண்டில் வளர்ந்த ஸ்லாத்துகளே சுமார் 16 மணி நேரம்தான் தூங்கியதாகப் பதிவு. காட்டில் இருப்பவற்றை 2008இல் பனாமாவில் அளந்தார்கள். பழுப்புக் கழுத்து ஸ்லாத்தேதான், உங்கள் ஜோடியில் இருக்கும் அதே இனம். மூளை மின்னலைகளைப் பதியும் கருவியைத் தலையில் பொருத்தி மரத்துக்கே திரும்ப அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு 9.6 மணி நேரம் என்று வந்தது. வார விடுமுறையில் இதைவிட அதிகம் தூங்குபவர்கள் இந்த இழையிலேயே இருப்பார்கள்.

மீதி நேரம் விழித்துக்கொண்டு சும்மா இருக்கும். அது வேறு விஷயம்.

மரக்கிளை:
9.6 என்று மாற்றிவிட்டேன். பறவைக்கு என்ன எழுதுவது? கடல் மேல் பறக்கும்போது தூங்குமா?

இலைதின்னி:
பிளாக்போலுக்குப் பறக்கும்போது மூளை அலை எடுத்ததில்லை. 12 கிராம் குருவியின் தலையில் எதைக் கட்டுவது? ஆனால் பக்கத்து உதாரணங்கள் இருக்கின்றன. ஸ்லாத் ஆய்வைச் செய்த குழுவில் இருந்த நீல்ஸ் ராட்டன்போர்க்தான் அதற்கு முன் 2004இல் வெண்முடிச் சிட்டுகளை ஆராய்ந்தவர். அதுவும் பாடும் பறவை, இரவில் வலசை போவது. ஆய்வகத்தில் வைத்திருந்தும், வலசைக் காலம் வந்ததும் தூக்கத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டது. 2016இல் அவரே கடற்கொள்ளைப் பறவைகளில் (ஃபிரிகேட் என்னும் பெரிய கடற்பறவைகள்) அளந்தபோது அவை பறந்துகொண்டே தூங்குவது தெரிந்தது, அதுவும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக.

அதனால் "வலசைக் காலத்தில் குறைத்துக்கொள்ளும்" என்பதோடு நிறுத்துங்கள். எண் போடாதீர்கள்.

கணக்கன்:
தலைப்பைப் பற்றி ஒன்று. "சோம்பல்" என்று போட்டால் குழந்தைகள் ஸ்லாத்தைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையாளர் புஃபோன் இப்படித்தான் செய்தார். இன்னும் ஒரு குறை கூடியிருந்தால் இந்தப் பிராணி உயிரோடவே இருந்திருக்காது என்கிற அளவுக்கு எழுதி வைத்தார். வேகத்தை விட்டுவிட்டு, இரண்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் செலவழிக்கின்றன என்று பாருங்கள். படமே வேறு மாதிரி தெரியும். நான் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன்.

குருவி கிளம்பும் முன் வயிறு முட்டத் தின்று 12 கிராமிலிருந்து 20 கிராமுக்குப் போகிறது. சில இன்னும் அதிகமாகவே ஏற்றிக்கொள்ளும். ஏறிய 8 கிராமும் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 39 கிலோஜூல். ஆக மொத்தம் 310 கிலோஜூல் சொச்சம். மூன்று நாளில் எரிகிறது என்றால் நாளுக்கு 100.

ஸ்லாத்துக்குக் காட்டில் அளந்த எண்ணே இருக்கிறது. கோஸ்டா ரிகாவில் இதே இனத்தில் செய்து 2016இல் வெளியிட்டார்கள். அதுவரை காட்டில் அளக்கப்பட்ட பாலூட்டிகளிலேயே, உடம்பின் அளவுக்கு மிகக் குறைந்த செலவு. அதை 4 கிலோ உடம்புக்குப் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய 450 கிலோஜூல் வருகிறது. கலோரிக் கணக்கில் 110க்குள்.

இப்போது பக்கத்தில் வையுங்கள். ஸ்லாத் குருவியைவிட 300 மடங்குக்கு மேல் கனம். செலவோ நாலரை மடங்குதான்.

தூரதேசி:
8 கிராம் கொழுப்பில் 2,500 கி.மீ. அப்படியென்றால் கிராமுக்கு 300 கி.மீ. தலை சுற்றுகிறது.

கணக்கன்:
எதிர்ப்பக்கமும் போட்டுவிடுகிறேன். நாளுக்கு 40 மீட்டர் வீதம் ஸ்லாத் அந்த 2,500 கி.மீ. போக 171 வருஷம் ஆகும். ஆயுள் இருபது முப்பது வருஷம்.

சந்தேகப்பேர்வழி:
கணக்கன் சார், கூட்டல் கழித்தல் சரி, ஒப்பீடு சரியில்லை. குருவியின் உச்சகட்ட நாளை எடுத்து ஸ்லாத்தின் சாதாரண நாளோடு வைக்கிறீர்கள். வருஷத்தில் மீதி நாளெல்லாம் குருவியும் கிளைக்குக் கிளை தாவிப் பூச்சி பிடிக்கிற சாதாரணக் குருவிதான். இரண்டாவது, சின்ன உடம்பு கிராமுக்கு அதிகம் எரிப்பது பொது விதி. எலியையும் யானையையும் வைத்தாலும் இப்படித்தான் வரும். இதில் ஸ்லாத்தின் சாமர்த்தியம் எங்கே?

கணக்கன்:
நியாயமான கேள்வி. அதற்கு ஒரே வழி, ஸ்லாத்தை அதே எடையுள்ள மற்ற பாலூட்டிகளோடு வைத்துப் பார்ப்பது. அப்போதும் தோற்கவில்லை. சும்மா இருக்கும்போது 4 கிலோ பாலூட்டி எவ்வளவு எரிக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதில் பாதிகூட மூவிரல் ஸ்லாத் எரிப்பதில்லை. ஆகவே உடம்பின் அளவைக் கழித்துவிட்டாலும் மிச்சம் நிற்கிறது.

உச்சகட்ட நாள் பற்றிச் சொன்னது சரிதான். படத்தில் "கடல் தாண்டும் நாளில்" என்று தெளிவாகப் போட்டுவிட்டால் குழப்பம் இருக்காது.

நீலவானம்:
புதிதாக வந்தவள், ஒரு சின்னக் கேள்வி. ஸ்லாத் ஏன் இவ்வளவு சிக்கனம்? பறவை மாதிரி நாலு பூச்சி பிடித்துத் தின்றால் தெம்பு வருமே.

இலைதின்னி:
நீலவானம், இந்த இழையில் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி இது. எல்லாம் இலையில் இருக்கிறது.

இலை மலிவான சாப்பாடு. கையை நீட்டினால் கிடைக்கும், ஓடாது. ஆனால் அதில் சத்து குறைவு, நார் அதிகம், பல மரங்கள் இலையில் நச்சும் வைத்திருக்கும். அதைக் கரைக்க நுண்ணுயிர்கள் வேண்டும், அவை தங்கப் பெரிய இரைப்பை வேண்டும், நேரமும் வேண்டும். ஸ்லாத்தின் இரைப்பை பல அறைகள் கொண்டது. நிரம்பியிருக்கும்போது உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு அதுவே. ஒரு கவளம் உள்ளே போய் வெளியே வர நாட்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. வரவு இவ்வளவுதான் என்று ஆன பிறகு செலவைக் குறைக்காமல் குடும்பம் நடத்த முடியாது.

குறைத்த விதத்தைப் பாருங்கள். தசை, இதே அளவுள்ள மற்ற பாலூட்டிகளைவிடக் குறைவு. உடல் வெப்பம் 30க்கும் 35க்கும் இடையே, வெளி வெயிலோடு சேர்ந்து ஏறி இறங்கும். குருவியின் உடம்பு 40 டிகிரிக்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வெயில் அதிகமான நாளில் ஸ்லாத் அதிகம் தின்னும். கடும் வெப்பத்தில் வளர்சிதை மாற்றத்தையே இன்னும் தணித்துக்கொள்ளும். பாலூட்டிகளில் இப்படி ஒரு ஏற்பாடு அபூர்வம்.

எனக்கு மிகவும் பிடித்தது விலா எலும்புச் சமாச்சாரம். தலைகீழாகத் தொங்கும்போது அந்தக் கனத்த இரைப்பை நுரையீரல் மேல் சரிய வேண்டும் அல்லவா? சரிவதில்லை. கல்லீரல், இரைப்பை, சிறுநீரகம் எல்லாம் நார்த் திசுவால் கீழ் விலா எலும்புகளோடு ஒட்டி நிற்கின்றன. 2014இல் இதைக் கண்டு கணக்கிட்டவர்கள், இந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் தலைகீழாக மூச்சு விடவே 7 முதல் 13 விழுக்காடு ஆற்றல் கூடுதலாகப் போகும் என்றார்கள். இவ்வளவு குறைந்த வரவில் 13 விழுக்காடு என்பது உயிர்ப் பிரச்சினை.

தூரதேசி:
அக்கா, வயிறு என்றதும் ஒன்று தோன்றியது. வலசைப் பறவைகள் இதற்கு நேர் எதிர். நீண்ட பயணம் போகிற பறவைகள் பலவற்றில் பயணத்தின்போது குடலும் கல்லீரலும் சுருங்கிவிடுகின்றன. வார்ப்ளர் மாதிரிச் சின்னப் பறவைகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். தரை இறங்கிய பிறகு முதல் ஒன்றிரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட முடியாது, குடலைத் திரும்ப வளர்த்துக்கொண்டுதான் எடை ஏறும்.

காரணம் கனத்தைக் குறைப்பது மட்டும் இல்லை. தண்ணீரும்தான். கொழுப்பை எரித்தாலும் கொஞ்சம் தண்ணீர் வரும், புரதத்தைக் கரைத்தால் அதைவிடக் கூடுதலாக வரும். கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் காற்றுச் சுரங்கம் ஒன்றில் பாடும் பறவைகளைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். காற்று வறண்டிருந்தால் பறவைகள் தசையையும் உள்ளுறுப்பையும் அதிகமாகக் கரைத்தன. 2011இல் வந்தது. கடல் மேல் பறக்கிற குருவி தன் குடலைத்தான் குடித்துக்கொண்டு போகிறது.

நீலவானம்:
"தன் குடலைக் குடித்துக்கொண்டு" என்று குழந்தைகள் படத்தில் போட்டுவிடாதீர்கள், இரவில் தூங்க மாட்டார்கள். :)

மரக்கிளை:
போடத்தான் போகிறேன். அவர்களுக்கு இதுதான் பிடிக்கும்.

அப்படியானால் "வயிறு" என்றே ஒரு வரிசை வைக்கலாம். ஒன்றுக்கு வயிறுதான் உடம்பு, மற்றொன்றுக்கு வயிறே சுமை.

இலைதின்னி:
அதை வைத்தால் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பறவைக்கும் சின்ன இடம் கொடுங்கள். ஹோவட்சின். அமேசானில் இருப்பது, பாடும் பறவை இல்லை. ஆனால் பறவைக் குலத்தில் பிறந்தும் ஸ்லாத்தின் சாப்பாட்டைத் தேர்ந்தது. இலைதான் தின்னும், தொண்டைப் பையில் நுண்ணுயிர்களை வைத்து மாட்டைப் போல் நொதிக்க வைக்கும். விளைவு? அந்தப் பை பெரிதாகி மார்பு எலும்பில் பறக்கும் தசைக்கு இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சரியாகப் பறக்க வராது. கிளையில் உட்கார்ந்து செரித்துக்கொண்டிருப்பதே பகலில் பாதி வேலை. இறக்கை இருந்தும் ஸ்லாத் ஆகிவிட்டது. ஆக, மெதுவாக இருப்பது மிருகத்தின் குணமா, சாப்பாட்டின் விலையா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

சந்தேகப்பேர்வழி:
இதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல சாட்சி.

ஆனால் சிக்கனம் என்றால் வாரத்துக்கு ஒரு தரம் மலம் கழிக்க மரத்தை விட்டு இறங்கி வருவது என்ன சிக்கனம்? மேலே இருந்தபடியே போட்டால் போதாதா? கீழே ஓசெலாட் காட்டுப்பூனையும் ஜாகுவாரும் காத்துக்கொண்டிருக்கின்றன.

வானொலி:
அதற்குக் காரணம் கண்டுபிடித்தாயிற்று நண்பரே. ஸ்லாத்தின் உரோமத்தில் அந்துப்பூச்சிகள் குடியிருக்கின்றன. ஸ்லாத் கீழே இறங்கும்போது அவை சாணத்தில் முட்டையிடும், புழு அதைத் தின்று வளர்ந்து, அந்தாகி, மேலே பறந்து திரும்ப உரோமத்துக்கு வரும். அங்கே செத்து மட்கி நைட்ரஜன் தரும், அதனால் உரோமத்தில் பாசி வளரும், பாசியை ஸ்லாத் தின்னும். சொந்தத் தோட்டம்! அந்தத் தோட்டத்துக்காகத்தான் இறங்குகிறது.

இலைதின்னி:
வானொலி, பாதி நிரூபணமானது, பாதி ஊகம். 2014இல் வந்த அந்த ஆய்வு காட்டியது இவ்வளவு: அந்துப்பூச்சி அதிகமுள்ள உரோமத்தில் நைட்ரஜனும் பாசியும் அதிகம், ஸ்லாத்தின் இரைப்பையில் பாசி கிடைத்தது. அதற்காகத்தான் இறங்குகிறது என்பது அவர்கள் வைத்த விளக்கம். ஸ்லாத் உட்கார்ந்து உரோமத்தை நக்கித் தின்பதைக் காட்டில் வருஷக்கணக்காகப் பார்ப்பவர்கள் யாரும் வழக்கமாகக் காண்பதில்லை. மரத்தடியில் விட்டுப்போகும் வாடை துணை தேடுவதற்கான விளம்பரம் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. வருஷம் முழுக்கத் தனியாக இருக்கிற, கண் தெரியாத, மெதுவான பிராணிக்கு வேறு எப்படி ஆள் அகப்படும்?

பாசி மட்டும் உண்மை. மூவிரல் ஸ்லாத்தின் ஒவ்வொரு முடியிலும் குறுக்கே வெடிப்புகள் இருக்கும், மழைநீர் அதில் தங்கும், பாசி அங்கேதான் பிடிக்கும். மழைக்காலத்தில் பிராணியே பச்சையாகத் தெரியும். இன்னொன்று, முடி வளரும் திசை மற்ற மிருகங்களுக்கு எதிர். வயிற்றில் வகிடு எடுத்து முதுகு நோக்கி இறங்கும். தலைகீழாகத் தொங்கும்போது மழை வடிந்து ஓட வேண்டுமே.

தூரதேசி:
கண் தெரியாது என்கிறீர்களே, எவ்வளவு தெரியாது?

இலைதின்னி:
நிறமே தெரியாது. மூவிரல் ஸ்லாத்தின் கண்ணில் கூம்புச் செல்கள் வேலை செய்வதில்லை, குச்சிச் செல்கள் மட்டும். மங்கலான வெளிச்சத்தில் ஏதோ தெரியும், பட்டப்பகலில் கண் கூசும். ஹார்பி கழுகு வந்தால் பார்த்துத் தப்பிக்க வழியில்லை, அசையாமல் இருப்பதுதான் வழி. அதுவும் பல சமயம் பலிக்காது. ஹார்பி கூடுகளின் அடியில் கிடைக்கும் எலும்புகளில் ஸ்லாத்தின் எலும்பு ஏராளம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆண் ஸ்லாத்தின் முதுகில் ஆரஞ்சு நிறத் திட்டு ஒன்று இருக்கும், நடுவில் கறுப்புக் கோடு. பெண்ணுக்கு அந்த ஆரஞ்சு தெரியாது. வெளிறிய திட்டில் கறுப்புக் கோடு என்பது மட்டும்தான் தெரியக்கூடும்.

தூரதேசி:
பறவைக்கு நான்கு வகைக் கூம்புச் செல்கள். நமக்கு மூன்று. புறஊதா வரைக்கும் பார்க்கும். "கண்" வரிசையைக் கட்டாயம் சேருங்கள் மரக்கிளை.

மரக்கிளை:
சேர்த்தாயிற்று. "குரல்" வரிசையை மட்டும் தொடாமல் விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன், அதிலாவது நான் எழுதியது சரிதானே? பாடகரும் ஊமையும்.

தூரதேசி:
பாடகர் சரி. பிளாக்போலின் பாட்டு பறவைப் பாட்டுகளிலேயே மிக உச்சமான சுருதியில் ஒன்று. 8 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே. "ட்ஸி-ட்ஸி-ட்ஸி" என்று ஒரே சுரத்தில் மெல்லத் தொடங்கி, நடுவில் பெருத்து, மறுபடி தேய்ந்துவிடும். வயதான பறவை ஆர்வலர்கள் காதுக்கு முதலில் எட்டாமல் போகும் பாட்டுகளில் இதுவும் உண்டு. பக்கத்தில் நிற்கும் இளைஞன் "பாடுது பாருங்க" என்பான், இவருக்குக் காடே அமைதியாக இருக்கும்.

இலைதின்னி:
தம்பி, அது பாடுவது எங்கே, எப்போது?

தூரதேசி:
வடக்கே, இனப்பெருக்கக் காலத்தில். ஆண் பாடும்.

இலைதின்னி:
அப்படியானால் ஸ்லாத் இருக்கும் காட்டில்?

தூரதேசி:
அங்கே பெரும்பாலும் பாடாது. "சிப்" என்று ஒற்றைக் குரல் கொடுக்கும். ஆணின் தலையில் இருக்கும் கறுப்புத் தொப்பியும் வெள்ளைக் கன்னமும் போய்விடும். பச்சை கலந்த மங்கல் நிறத்தில், மற்ற பத்து வார்ப்ளர்களிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி இருக்கும். எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது.

இலைதின்னி:
அங்கேதான். பெண் மூவிரல் ஸ்லாத் துணை தேடும் பருவத்தில் மரத்தில் இருந்தபடி உச்சக் குரலில் வீறிடும். முதல் தடவை கேட்பவர்கள் யாரோ பெண்ணுக்கு ஆபத்து என்றே நினைப்பார்கள். ஆண் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் வேகத்தில், வந்து சேரும். தாயைப் பிரிந்த குட்டியும் கத்தும். ஆக இரண்டும் சேர்ந்திருக்கும் அந்தக் காட்டில், பாடும் பறவை வாயை மூடிக்கொண்டிருக்கிறது, ஊமை என்று நீங்கள் எழுதியது கூப்பாடு போடுகிறது.

மரக்கிளை:
குரல் வரிசையும் போயிற்று. தலைப்பும் போயிற்று. எடை மட்டும் பாக்கி.

சந்தேகப்பேர்வழி:
எடையும் பாக்கியில்லை. குருவி 12 என்கிறீர்கள், கிளம்பும்போது 20 என்கிறார் கணக்கன். ஸ்லாத்தும் இறங்கிப் போய்விட்டு வந்தால் ஒரே தடவையில் எவ்வளவு குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் எடை ஒரு எண் இல்லை.

கணக்கன்:
:) இதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

வானொலி:
கழுத்தெலும்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒட்டகச்சிவிங்கி முதல் மனிதன் வரை பாலூட்டிகளுக்கு ஏழு. மூவிரல் ஸ்லாத்துக்கு எட்டு அல்லது ஒன்பது. அதனால்தான் உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் 270 டிகிரி திருப்புகிறது. பறவைகளுக்கோ சின்னக் குருவிக்கே பத்துக்கு மேல். கழுத்தில் மட்டும் ஸ்லாத் பறவைப் பக்கம் சாய்கிறது.

இலைதின்னி:
நல்ல வரிசை. ஒரு திருத்தம் மட்டும் சேர்த்துப் போடுங்கள். அந்தக் கூடுதல் எலும்புகள் கருவில் எந்த வரிசையில் கெட்டியாகின்றன என்று 2010இல் பார்த்தார்கள். கழுத்தெலும்பு மாதிரி நடந்துகொள்ளவில்லை, மார்புக்கூட்டு எலும்பு மாதிரி நடந்துகொண்டன. அதாவது மார்புப் பகுதியின் முதுகெலும்புகள் விலாவை இழந்து கழுத்துக்கு இடம் மாறியிருக்கின்றன. பறவையின் நீளக் கழுத்து வந்த வழி வேறு.

நீலவானம்:
குட்டிகளைப் பற்றியும் ஒரு வரி போடுங்கள், குழந்தைகள் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

தூரதேசி:
பிளாக்போல் ஒரு ஈட்டில் நாலைந்து முட்டை. சுமார் 12 நாளில் பொரிக்கும், அதற்கப்புறம் பத்து நாளுக்குள் குஞ்சு கூட்டை விட்டு இறங்கிவிடும். அதே வருஷம் இலையுதிர்காலத்தில், வழி காட்ட யாரும் இல்லாமல், கடலுக்கு மேல்.

இலைதின்னி:
ஸ்லாத்துக்கு ஒரே ஒரு குட்டி. கருவிலேயே மாதக்கணக்கு. பிறகு ஐந்தாறு மாதம் தாயின் வயிற்றில் தொற்றிக்கொண்டு, எந்த மரத்து இலை தின்னலாம் என்று தாயின் வாயிலிருந்தே கற்றுக்கொள்ளும். அந்தக் குருவிக்குஞ்சு அமேசான் வந்து சேர்ந்த அன்றைக்கு, அதே ஜூனில் பிறந்த ஸ்லாத் குட்டி இன்னும் அம்மாவை விட்டு இறங்கியிருக்காது.

சந்தேகப்பேர்வழி:
அழிவு நிலையும் போட வேண்டாமா? எல்லாப் படத்திலும் கடைசியில் அது வருமே.

தூரதேசி:
பிளாக்போல் "அச்சுறுத்தலை நெருங்கும்" பட்டியலில். கடந்த அரை நூற்றாண்டில் எண்ணிக்கை பலமாகச் சரிந்திருக்கிறது. பழுப்புக் கழுத்து ஸ்லாத்துக்கு இப்போதைக்குக் கவலை குறைவு. ஆபத்தான நிலையில் இருப்பது பனாமாவின் எஸ்குடோ தீவில் மட்டும் வாழும் குள்ள ஸ்லாத்.

ஒரு வரி சேர்த்தால் நல்லது. இரண்டுக்குமே மின்சாரம் எமன். இரவில் வலசை போகும் குருவி விளக்கெரியும் உயரக் கட்டடங்களால் ஈர்க்கப்பட்டு மோதிச் சாகிறது. ஸ்லாத் மரத்துக்கு மரம் போகக் கிளை இல்லாத இடத்தில் மின்கம்பியைக் கொடி என்று பிடித்துச் சாகிறது.

மரக்கிளை:
இப்போது நிலவரம்: "வேகம்" வரிசையை எடுத்துவிட்டேன். "சாப்பாடு, வயிறு, ஒரு நாள் செலவு, தூக்கம், கண், குரல், கழுத்து, குட்டி, மின்சாரம்" இருக்கின்றன. தலைப்பு "ஒரே காட்டில் இருவர்". கடைசியாக ஓர் இடம் காலி. எதைப் போடலாம்?

வானொலி:
கடல்! குருவி கடலைத் தாண்டுகிறது, ஸ்லாத்தால் முடியாது. அதிலாவது குருவிக்கு முழு வெற்றி கொடுங்கள்.

இலைதின்னி:
கடலை விடுங்கள், தண்ணீர் என்று போடுங்கள். ஸ்லாத் நன்றாக நீந்தும். வெள்ளம் வந்த காட்டில் மரத்திலிருந்து பொத்தென்று தண்ணீரில் விழுந்து, நீளக் கைகளால் இழுத்துக்கொண்டு போகும், தரையில் ஊர்வதைவிட ரொம்ப வேகமாக. குருவி கடல் மேல் எந்த இடத்தில் இறங்கினாலும் செத்தது. இறகு நனைந்துவிட்டால் அதனால் எழும்பவே முடியாது.

தூரதேசி:
அக்கா, அதனால்தான் அது இறங்குவதில்லை.

மரக்கிளை:
"தண்ணீர்: மேலே 2,500 கி.மீ. பறக்கும், விழுந்தால் சாகும் / விழுந்தால் நீந்தும்." போட்டுவிட்டேன். படம் வரைபவரிடம் நாளைக்குக் கொடுக்கிறேன்.